மோசடி அழைப்பின் பொருளிலக்கணம்

மோசடி அழைப்பு என்பது முன்பின் தெரியாத ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவரின் வங்கிக் கணக்கின்மீது கொள்ளும் ஒருதலைக் காமம். ஆகவே அகத்திணையில் இதைக் கைக்கிளையின்கீழ் வைப்பதே முறை. கைக்கிளைக்குத் தனி நிலம் கிடையாது, இதற்கும் இல்லை. ஜார்க்கண்டின் ஜாம்தாரா ஒருகாலத்தில் இதன் தலைநகராகப் பேசப்பட்டது. பின்னர் இத்தொழில் மியான்மரின் மியாவடி வரை பரவியது. நல்ல வேலை என்று நம்பிப் போய் அங்கே இத்தொழிலில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் சிலர் 2022இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர்.

சிறுபொழுது நண்பகல், குறிப்பாக, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்த கணம். கருப்பொருள்கள் ஓடிபி, கேஒய்சி, பார்சல், ஆதார். உரிப்பொருள் பதற்றம். அது இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை.

திணைமயக்கமும் உண்டு. கூரியர் ஊழியராகத் தொடங்கும் குரல், பார்சலில் போதைப்பொருள் இருப்பதாகச் சொல்லி, சிபிஐ அதிகாரியாக வளர்ந்து, காக்கிச் சட்டையுடன் வீடியோவில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ செய்கிறது. அப்படியொரு கைது சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லவேண்டி வந்தது.

தடுப்பு முறைகளில் மூத்தது 1909. இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்துகொண்டால் விளம்பர அழைப்புகள் நிற்கவேண்டும். விளம்பரத்துக்கு 140, வங்கிகளின் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடக்க எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவையெல்லாம் விதிக்குக் கட்டுப்படும் வணிகரைக் கட்டுப்படுத்துபவை. மோசடிக்காரர் யாரிடமும் பதிவு செய்துகொள்வதில்லை. சாதாரணப் பத்திலக்க எண்ணில் வருகிறார். அதைத் தடுத்தால் அடுத்த சிம்மில் வருகிறார்.

தெரியாத எண்களை மொத்தமாக ஊமையாக்கும் வசதி ஐபோனில் 2019இலேயே வந்துவிட்டது. சிறந்த மருந்துதான். ஆனால் சிலிண்டர் கொண்டுவருபவரும், புது எண் வாங்கிய சித்தப்பாவும் சேர்ந்தே ஊமையாகிறார்கள். சித்தப்பா விஷயத்தில் இதைப் பக்கவிளைவு என்பதா பயன் என்பதா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து மாறுபடும்.

எதிர்த்தாக்குதல் முறையும் ஒன்று உண்டு. பிரிட்டனின் ஓ2 நிறுவனம் 2024 நவம்பரில் டெய்சி என்ற செயற்கை நுண்ணறிவுப் பாட்டியை இறக்கியது. பின்னல் வேலை, குடும்பக் கதை என்று பேசிப் பேசியே மோசடிக்காரரின் நேரத்தைத் தின்பது பாட்டியின் பணி. தமிழ் வீடுகளில் இதற்கு மென்பொருள் தேவையில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போதும். ஓடிபி கேட்டவரிடம் அவர் ஊர், படிப்பு, கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்து, கணக்கில் எத்தனை மதிப்பெண் என்பதற்குள் மறுமுனை தானாக அறுந்துவிடும். எனினும், எடுத்துப் பேசினால் அந்த எண் புழக்கத்தில் இருப்பது உறுதிப்படுகிறது என்ற குறை இம்முறைக்கு உண்டு.

பணம் போகாமல் தப்பியவர் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் ‘சக்ஷு’ பிரிவில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். பணம் போய்விட்டால் 1930 என்ற உதவி எண். போன தொகை பல கணக்குகளுக்குப் பிரிவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியுண்டு. அழுகை, வசவு, சம்பந்தி வீட்டுக்குத் தகவல் ஆகியவை அதற்கு அடுத்த வரிசையில் வரும்.