ஒரகடத்தில் அரேப்பா கிடைக்குமா?

(இந்த வாரம் வயிறு சம்பந்தப்பட்ட கேள்விகள் மட்டும்!)

இரண்டாம் ஷிஃப்ட் வாசகர், ஒரகடம்

கே: வெனிசுவேலா – இத்தாலி சமையலைக் கலந்து கொடுக்கும் சின்ன உணவகம் ஒன்றை வீடியோவில் பார்த்தேன். பத்தே மேசை, மங்கலான வெளிச்சம், சமைத்தவரே வந்து பரிமாறுகிறார். நம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ரோட்டில் அப்படி ஒன்று வருமா?

ப: இந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு: முதலில் ஆலை வரும், பின்னால் அந்த நாட்டு அடுப்பு வரும். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் விழுந்தது. 1998-ல் சான்ட்ரோ வெளியே ஓடியது, கிம்ச்சி உள்ளே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறந்தது, ஜப்பான்காரர்களின் மிசோ சூப்புக்கும் ஆள் சேர்ந்தது. இத்தாலிக்காரர்களில் பலர் புணே பக்கம் போய்விட்டார்கள். பியாஜியோ பாராமதியில், காராரோ ராஞ்சன்காவில். வெனிசுவேலாவின் பெரிய தொழில் கச்சா எண்ணெய் எடுப்பது. அதற்கு சிப்காட்டில் மனை வாங்க வேண்டியதில்லை. ஆக, கொஞ்சம் பொறுங்கள்.

ப்ளஸ் டூ மாணவி, படப்பை

கே: வெனிசுவேலா எங்கே, இத்தாலி எங்கே? இரண்டுக்கும் எப்படி முடிச்சுப் போட்டார்கள்?

ப: முடிச்சுப் போட்டது பசி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் வேலை இல்லை. வெனிசுவேலாவில் எண்ணெய்ப் பணம் கொட்டியது, கட்டடம் கட்ட ஆள் இல்லை. 1950-களில், அங்கே சர்வாதிகாரி பெரெஸ் ஹிமெனெஸின் ஆட்சிக் காலத்தில், லட்சக்கணக்கான இத்தாலியர்கள் கப்பலேறினார்கள். கொத்தனார், தையல்காரர், ரொட்டி சுடுகிறவர் என்று வந்தவர்கள் அங்கேயே பெண் எடுத்தார்கள், கடை போட்டார்கள். அவர்களுடைய லசான்யா அங்கே ‘பாஸ்டிச்சோ’ என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. பாஸ்தா தின்பதில் வெனிசுவேலாக்காரர்கள் நெடுங்காலம் உலகின் முன்வரிசையில் இருந்தார்கள். புத்தாண்டு இரவில் இத்தாலியர் போலவே அவர்களும் மைசூர்ப் பருப்பின் குடும்பத்துப் பருப்பைச் சாப்பிட்டால் பணம் சேரும் என்று நம்புகிறார்கள். பணம் சேர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இல்லத்தரசி, சுங்குவார்சத்திரம்

கே: அரேப்பா, அரேப்பா என்கிறார்களே, அது என்ன?

ப: மக்காச்சோள மாவில் தட்டிய கனத்த அடை. மாவு, தண்ணீர், உப்பு மூன்றுதான். உள்ளங்கையில் உருட்டி, விரல் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, ‘புடாரே’ என்னும் தட்டைக் கல்லில் இரண்டு பக்கமும் போடுவார்கள். மேல்தோல் முறுகி, விரலால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வரவேண்டும், அதுதான் பதம். பிறகு பக்கவாட்டில் கீறி, சுடச்சுட வெண்ணெயோ பாலாடைக்கட்டியோ கறுப்பு மொச்சை மாதிரியான பயறோ கறியோ அடைப்பார்கள். காலை, மாலை, நள்ளிரவு என்று நேரம் கிடையாது.

அதே வாசகியின் பக்கத்து வீட்டுக்காரர், சுங்குவார்சத்திரம்

கே: நான் செய்தே பார்த்துவிட்டேன். கல்லில் போட்டதும் விண்டு விழுகிறது. ஏன்?

ப: நீங்கள் வாங்கிய மாவு தப்பு. மளிகைக் கடையில் ‘கார்ன் ஃப்ளோர்’ என்று விற்கும் வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கத்தான் ஆகும். மஞ்சளாக வருவது வேகவைக்காத மக்காச்சோளத்தை அரைத்தது, அது சேராது. அரேப்பா மாவு வெந்து காய்ந்த சோளத்தை அரைத்தது. 1960-ல் போலார் என்ற பீர் கம்பெனி அதை ‘பான்’ என்ற பெயரில் பாக்கெட்டில் போட்டு விற்றது. அதற்கு முன் அந்த ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து சோளத்தை உரலில் குத்தி, வேகவைத்து, அரைத்துக் கஷ்டப்பட்டார்கள். உங்களிடம் கிரைண்டர் இருக்கிறதே! பெரம்பலூர் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிற வழியில் ஒரு கிலோ மறித்து வாங்கி, ஊறவைத்து, நன்றாக வேகவிட்டு, தண்ணீரை வடித்துக் கெட்டியாக அரையுங்கள். விண்டால் அடுத்த வாரம் எழுதுங்கள்.

சினிமா ரசிகர், வாலாஜாபாத்

கே: நம்மிடம் குஷ்பு இட்லி மாதிரி அவர்களிடம் உண்டா?

ப: உண்டு, குஷ்பு இட்லிக்கு அக்கா முறை. 1955-ல் வெனிசுவேலாவின் சுசானா டுய்ம் உலக அழகி ஆனார். கராகஸ் நகரத்து அரேப்பாக் கடை ஒன்றில் கோழிக்கறியும் அவகாடோவும் பிசைந்து அடைத்த அரேப்பாவுக்கு அவரைக் கௌரவித்து ‘ரெய்னா பெப்பியாடா’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதற்கு அங்கே தனி மவுசு உண்டு.

குவாலிட்டி இன்ஸ்பெக்டர், இருங்காட்டுக்கோட்டை

கே: கொரிய மேலதிகாரி சாப்பிட அழைத்திருக்கிறார். போய் அசடு வழியக் கூடாது. என்ன செய்ய வேண்டும்?

ப: செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், சாக்ஸில் ஓட்டை இருந்தால் அன்று போகாதீர்கள். மேசை நடுவிலேயே அடுப்பு இருக்கும். கறியைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். தையல்கடையா என்று சிரிக்காதீர்கள். நீங்கள் கேட்காமலே சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, கீரை, கருவாடு வரும். அவற்றுக்குத் தனி பில் இல்லை; தீர்ந்தால், நம் மெஸ்ஸில் கூட்டு பொரியல் கேட்பதுபோல் மறுபடி கேட்கலாம். சோற்றுக் கிண்ணமும் குச்சியும் எவர்சில்வர். அந்த ஒரு விஷயத்தில் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். பெரியவர் எடுத்து வாயில் வைத்த பிறகு நீங்கள் தொடங்குங்கள். இது மட்டும் தெரிந்தால் போதும், இன்கிரிமென்ட்டுக்கு நான் பொறுப்பல்ல.

சந்தேகப் பேர்வழி, மாம்பாக்கம்

கே: ‘ஃப்யூஷன்’ என்பதே ஏமாற்று வேலைதானே? ஒன்றிலும் உருப்படி இல்லாதவர்கள் இரண்டைக் கலப்பது?

ப: தக்காளியும் மக்காச்சோளமும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலில் வந்தவை. கொலம்பஸ் போகாதிருந்தால் இத்தாலிக்காரனுக்குத் தக்காளி சாஸ் இல்லை, பொலென்டா இல்லை. கொரியாக்காரனுக்குச் சிவப்புக் கிம்ச்சி இல்லை. உங்களுக்குக் காரச் சட்னி இல்லை. மிளகு ரசத்தைத் தவிர நீங்கள் நேற்றுச் சாப்பிட்டதில் பாதி ஃப்யூஷன்தான். ஏமாற்று வேலை எது என்றால், பன்னீர் டிக்காவை பாஸ்தா மேல் கவிழ்த்து ஐந்நூறு ரூபாய் வாங்குவது.

கணக்குப்பிள்ளை, ஸ்ரீபெரும்புதூர்

கே: பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்’ என்று சேர்த்திருந்தார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

ப: வேண்டாம். தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915-க்கு போன் போடுங்கள். அதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பரிமாறிய பையன் கையில் நேரே கொடுங்கள்.

பெயர் வேண்டாம், ஒரகடம்

கே: இத்தாலியச் சாப்பாட்டுக்கு ஒயின் இல்லாமல் எப்படி?

ப: தமிழ்நாட்டில் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் கிளப்புகளுக்கும் தங்கும் வசதியுள்ள ஓட்டல்களுக்கும்தான். தனியாக நிற்கும் பத்து மேசை உணவகத்தில் ஒயின் கேட்டால் மோர் வரும். வெனிசுவேலாக்காரர் வழி ஒன்று சொல்கிறேன்: ‘பாப்பெலோன் கோன் லிமோன்’. கரும்பு வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள். ஏலக்காயும் சுக்கும் சேர்த்தால் ராமநவமிப் பானகம். போலீஸ் பிடிக்காது.

பக்தர், ஸ்ரீபெரும்புதூர்

கே: ராமானுஜர் அவதரித்த ஊர். இங்கே பன்றிக்கறி சுடும் கடையெல்லாம் வரலாமா?

ப: கோயில் வாசலில் போட்டால் நானும் உங்களோடு வந்து கேட்பேன். ஹைவேயில் வேண்டியவர்கள் தங்கள் காசில் சாப்பிடுவதில் நமக்கு என்ன? ராமானுஜர் பெயரை எடுத்ததால் குருபரம்பரைக் கதை ஒன்று. இதே ஹைவேயில் இருக்கும் பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார் ராமானுஜர். அவர் உண்டு மீந்ததைத் தாம் உண்ண வேண்டும் என்று ஆசை. நம்பி முன்னதாகவே வந்து சாப்பிட்டுப் போய்விட, ராமானுஜரின் மனைவி சாதி பார்த்து, அவர் உண்ட இடத்தைக் கழுவி, குளித்துவிட்டு, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். ராமானுஜர் மனம் உடைந்தது அங்கேதான். தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, யாரோடு சாப்பிட மறுக்கிறோம் என்பதில்தான் அவருக்கு வருத்தம். இந்த ஊரில் பிறந்தவரிடம் நாம் கற்க வேண்டியது அது.

விடுதிவாசி, பூந்தமல்லி

கே: பத்து மேசை, மங்கலான வெளிச்சம் எல்லாம் இருக்கட்டும். எங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவீர்களா?

ப: எழுதுகிறேன், இதில் நகைச்சுவை இல்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐபோன் செய்யும் ஆலை மூடியது, ஜனவரியில்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறந்தது. நல்லது. ஆனால் ஒன்று: விருந்தாளி சாப்பிடும் தட்டை வைத்து ஒரு ஊரின் ருசியை அளக்காதீர்கள், மூன்றாம் ஷிஃப்ட் பெண்ணின் தட்டை வைத்து அளங்கள்.

புது மாப்பிள்ளை, வல்லம்

கே: திருமண நாளுக்கு மனைவியை அந்த மாதிரி ‘அந்தரங்கமான’ உணவகத்துக்கு அழைத்துப் போக ஆசை. எங்கே போகலாம்?

ப: சின்ன உணவகத்தின் சங்கடம் தெரியுமா? பக்கத்து மேசைக்காரர் உங்கள் சண்டையை முழுதாகக் கேட்பார். பரவாயில்லை என்றால், ஒரு நாள் லீவு போட்டு ஆரோவில் போங்கள். குயிலாப்பாளையம் பக்கம் டான்டோவில் விறகு அடுப்பு பீட்சா, அங்கேயே லா ஃபெர்ம் பண்ணையில் செய்யும் பாலாடைக்கட்டி. மாமியாரையும் அழைத்துப் போனால் அந்தரங்கம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஹெச்.ஆர். பிரிவு, பிள்ளைப்பாக்கம்

கே: கொரியர் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஏன் இன்னும் கிம்ச்சியும் நம் சாம்பாரும் கலந்து ஒன்றும் பிறக்கவில்லை?

ப: கராகஸுக்குப் போன இத்தாலியரில் பலர் திரும்பிப் போகும் டிக்கெட் எடுக்கவில்லை. இங்கே வரும் மேலாளர் சில வருட ஒப்பந்தத்தில் வருகிறார்; குடும்பம் சென்னை அடுக்ககத்தில்; ஒப்பந்தம் முடிந்ததும் சூட்கேஸ். கலப்புச் சமையலைப் பெறுவது சமையல்காரர் அல்ல, தங்கிவிட்டவர்களின் சமையலறை. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்புக்குச் சண்டை போட்டால்தான் புதுப் பலகாரம் பிறக்கும். இப்போது வெனிசுவேலாவை விட்டு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறிவிட்டார்கள். அவர்களில் இத்தாலியத் தாத்தா உள்ளவர்களும் உண்டு. அவர்கள் போகிற ஊரில் போடும் கடை ஒன்றைத்தான் நம் இரண்டாம் ஷிஃப்ட் வாசகர் வீடியோவில் பார்த்திருப்பார். அந்த மெனு கார்டு மூன்று தலைமுறையின் குடும்ப அட்டை.

ஒடிசாத் தோழர், ஒரகடம்

கே: எங்கள் அறையில் நாலு மாநிலத்து ஆள். ஒருத்தன் சோறு, ஒருத்தன் ரொட்டி, ஒருத்தன் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டான். எப்படிச் சமாளிப்பது?

ப: சமாளிக்காதீர்கள், சமையுங்கள்! நான் தேடிக்கொண்டிருந்த உணவகமே உங்கள் அறைதான். உங்கள் ஊர்ப் பகாளாவும் எங்கள் பழைய சோறும் ஒரே பானைதான். தொட்டுக்கொள்ள பீகார்க்காரர் உருளைக்கிழங்கு சோக்கா பிசையட்டும். கடுகு எண்ணெயா நல்லெண்ணெயா என்ற தகராறில் உங்களில் ஒருவர் தோற்பார். தோற்றவர் கையில்தான் புது ருசி பிறக்கும். உங்களில் யார் இங்கே வீடு எடுத்து, பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்க்கிறாரோ, அவர் போடும் கடையில்தான் ஒரகடத்தின் சொந்தச் சமையல் கிடைக்கும்.

தொழில் முனைவோர், படப்பை

கே: அப்படியானால் நானே ஒரகடத்தில் வெனிசுவேலா – இத்தாலி உணவகம் திறக்கிறேன். ஓடுமா?

ப: ஓடும், மூன்று நிபந்தனைகளோடு. ஷிஃப்ட் விடுகிற நள்ளிரவிலும் கல் சூடாக இருக்க வேண்டும். ஒரு அரேப்பாவின் விலை ஒரு செட் பரோட்டாவின் விலையைத் தாண்டக் கூடாது. மேனேஜருக்கு ஒரு அறை, ஆபரேட்டருக்கு ஒரு அறை என்று பிரிக்கக் கூடாது; பத்து மேசையும் எல்லாருக்கும். இது முடியாது என்றால் பரோட்டாக் கடையே போடுங்கள். அங்கே ஏற்கெனவே எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.