புலி அடித்த பூட்டன்

பங்குனி உத்திரம் வந்துவிட்டால், எந்த ஊரில் பிழைக்கிறவனாக இருந்தாலும் தன் குடும்பத்துச் சாஸ்தா கோயிலில் வந்து நிற்கவேண்டும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். தன் சாஸ்தா எதென்றே தெரியாதவன் காரையாறு சொரிமுத்து அய்யனாரைப் போய்க் கும்பிட்டுக்கொள்வான். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் உத்திரத்தன்று, பொங்கப் பானை அடியில் நெருப்பை ஊதிக்கொண்டிருந்த என்னைக் கோயில் சங்கத் தலைவர் பெரியப்பா கூப்பிட்டார்.

"ஏடே, உனக்கு எக்செல் தெரியுமாமே?"

தெரியும் என்றது என் தப்பு. நம் வகையறாவுக்குக் கொடிவழி எழுதவேண்டும், ஏழு தலைமுறை வேண்டும், சம்பளம் கிடையாது, சாஸ்தா பார்த்துக்கொள்வார் என்றார்.

எக்செல் போதவில்லை என்று வம்சாவளிக்கென்றே உள்ள ஒரு மென்பொருளை இறக்கினேன். அது எடுத்த எடுப்பில் குடும்பப் பெயரைக் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டேன். நானும் அப்பாவும் தாத்தாவும் மூன்று தனிக் குடும்பங்களாகப் பிரிந்துபோனோம். பாகப்பிரிவினை இவ்வளவு சுலபமாக எங்கள் வீட்டில் என்றுமே நடந்ததில்லை. அடுத்தது பேரனுக்குத் தாத்தா பெயர். சுடலைமுத்து மகன் முத்தையா, முத்தையா மகன் சுடலைமுத்து, அவர் மகன் மறுபடி முத்தையா. "இருவரும் ஒருவரா, இணைக்கட்டுமா?" என்று மென்பொருள் கேட்க, தூக்கக் கலக்கத்தில் சரி என்றுவிட்டேன். விடிந்து பார்த்தால் ஒரு சுடலைமுத்து தனக்குத்தானே தாத்தாவாகி நிற்கிறார்.

வயது அதைவிட மோசம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்ததே 1969இல்தான். அதற்கு முந்தியவர்களுக்கு எம்டன் குண்டு போட்ட வருஷம், புயலடித்த வருஷம் என்றுதான் கணக்கு. எம்டனாவது பரவாயில்லை, ஒரே தடவைதான் குண்டு போட்டது, 1914 செப்டம்பரில். தமிழ் வருஷமோ அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வந்துவிடும். ஒருவர் தாது வருஷத்தில் பிறந்தவர் என்று பழைய நோட்டில் இருந்தது. பஞ்சம் வந்த தாதுவாக்கும் என்று 1876 போட்டேன். அவருடைய அப்பா பிறந்தது 1915. மகன் பிறந்து 39 வருஷம் கழித்து அப்பா பிறந்திருக்கிறார். அப்புறம்தான் 1936உம் தாது என்று உறைத்தது.

ஹரித்துவாரில் பண்டாக்கள் யாத்திரை வருகிறவர்களின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக ஏடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்த ஏடு, 92 வயதான சின்ன ஆச்சி ஒருத்திதான். அந்த ஏடோ புருஷன் பெயரைச் சொல்லாது.

"அவுக பேர நான் எப்படிய்யா சொல்லுவேன்? முருகன் பேருதான், நீயே சொல்லு."

கந்தசாமியா, வேலாயுதமா, குமாரசாமியா, ஆறுமுகமா, பழனியாண்டியா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால் ஆச்சி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பேத்திதான் வாக்காளர் அட்டையை எடுத்துவந்து காட்டினாள். சண்முகவேல்.

போகிற போக்கில், புலி அடித்த பூட்டனைப் பற்றிக் கேட்டுவைத்தேன். ஒற்றை அரிவாளோடு பாபநாசம் காட்டில் புலியை அடித்த பூட்டன் என்றால் எங்கள் வகையறாவுக்கே மீசை துடிக்கும். ஆச்சிக்கு அவர் மாமனார். அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது.

"புலி அடிச்சாகளா? புலி வேசம் கட்டி ஆடுனாகடே! கொடைக்குக் கொடை ஊர் ஊராப் போயிருவாக. மேளக்காரனுக்குக் குடுக்க வயல அடமானம் வச்ச மனுசன்."

நம்ப மனம் வரவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்தில் ஏறிய பத்திரத்தின் நகலைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மூன்று தடவை நடந்து வாங்கினேன். 1938இல் அடமானம், 300 ரூபாய், 'குடும்பச் செலவுக்காக'. புலிவாலும் குடும்பச் செலவுதான் போலிருக்கிறது. ஆறு வருஷம் கழித்து நிலத்தை மீட்ட ஆவணத்தில் பணம் கட்டியவர், 'மேற்படியார் பாரியாள் இசக்கியம்மாள்'. கீழே ஒரு கைநாட்டு, மை சற்றே இழுகியிருந்தது.

"மோர் வித்தே மீட்டா எங்க மாமி," என்றாள் ஆச்சி.

அதுவரை நான் சேர்த்திருந்த 214 பெயரில் ஒரு பெண் பெயர் கிடையாது. திரும்பவும் வீடு வீடாகப் போனேன். "பொம்பளையாளு பேரெல்லாம் போட்டாத் தாளு பத்தாதுடே," என்றார் பெரியப்பா. தாளை ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். ஒட்டி ஒட்டி அது பதினாலடி நீளத்துக்குப் போய், இந்த உத்திரத்துக்குக் கோயில் மதிலில் தொங்கியது. ஆண்கள் தூரத்தில் நின்று புலியைத் தேடினார்கள். பெண்கள் கிட்டே வந்து விரலால் தொட்டுத் தொட்டுத் தங்கள் பெயரைத் தேடினார்கள்.

பெரியப்பா பொருளாளரோடு வந்து வேறொன்றைத் தேடினார். என் கொடிவழியால் சங்கத்துக்குப் புதிதாக 63 தலைக்கட்டு கிடைத்திருந்தது. தலைக்கட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கோயில் வரி. எக்செல் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

"உங்க பூட்டன் வீட்டு வரி பழைய நோட்டுல பாக்கி நிக்கிடே. வட்டி வேண்டாம், அசல மட்டும் கட்டிரு."

கட்டிவிட்டேன். ரசீதை மட்டும் இசக்கியம்மாள் பெயரில் போடச்சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.