இமையே பகை

கண்ணில் வரும் கிருமிகளை ஆயுள் முழுக்க ஆராய்கிறவர்களுக்குக் கடைசியில் என்னதான் கிடைக்கும்?

கண்வலி! பெய்ஜிங்கின் டாங் ஃபெய்ஃபான் அதைக் கேட்டே வாங்கிக்கொண்டார். டிரக்கோமா என்ற கண்நோயின் கிருமியை 1955-ல் கோழிமுட்டையின் மஞ்சள்கருப் பையில் வளர்த்துக் காட்டியவர். நோய்க்குக் காரணம் இதுதானா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, அதைத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டார். கண் சிவந்து வீங்கியது. மருந்து போடாமல் 40 நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, பார்க்க முடிந்த அளவுக்கு!

கண்ணை இமை காப்பதுபோல என்கிறோமே, முற்றிய டிரக்கோமாவில் அந்தப் பேச்சு செல்லாது. தழும்பேறிய இமை உள்ளே சுருண்டு, இமைமுடியே கருவிழியைக் கீறும், ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும்.