வாஷிங் மெஷின் பெயர்ச்சி: ஒரு முதற்கட்ட ஆய்வு

குரு ஆண்டுக்கொரு முறை பெயர்கிறார். சனி இரண்டரை ஆண்டுக்கொரு முறை. வாஷிங் மெஷினோ போர்வை துவைக்கும் நாளெல்லாம் பெயர்கிறது. முதல் இரண்டுக்கும் பலன் எழுத ஆள் இருக்க, மூன்றாவதை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது.

இது குறித்து இல்லங்களில் இரு தரப்புகள் உண்டு. தரை சரியில்லை என்பது ஒன்று. மெஷினே சரியில்லை என்பது மற்றொன்று. முன்னதை மெஷின் வாங்கி வந்தவரும், பின்னதை அன்றைக்கே வேண்டாமென்று சொன்னவரும் ஆதரிப்பது வழக்கம். போர்வையைச் சந்தேகிக்கும் மூன்றாம் தரப்புக்கு ஆள்பலம் குறைவு.

இயற்பியல் அந்த மூன்றாம் தரப்பின் பக்கமே நிற்கிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் வினாடிக்கு 20. அந்த வேகத்தில், மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி அரைக் கிலோ ஈரத்துணி ஒரே பக்கமாக ஒதுங்கினால், அது டிரம்மை இழுக்கும் விசை சுமார் 200 கிலோ எடைக்கு ஈடு. மெஷினின் எடையே 60, 70 கிலோதான். பெரும்பங்கை ஸ்பிரிங்குகளும் டேம்பர்களும் உள்ளேயே அடக்கிவிடுகின்றன. மீறி வருவது ஒரு கணம் மெஷினை மேலே தூக்கிக் காலின் பிடியைத் தளர்த்தி, மறுகணம் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுற்றுக்கு ஒரு மயிரிழை நகர்ந்தாலும், ஸ்பின் முடியும்போது பின்பக்க ஹோஸ் விறைத்து நிற்கும்.

இதைத் தடுக்கவே முன்பக்கம் திறக்கும் மெஷின்களுக்குள் கான்கிரீட் கட்டி வைக்கிறார்கள். அதை மாடிக்குச் சுமந்தவர்கள் இத்தகவலைச் சான்று கேட்காமல் ஏற்பர். 1937-இல் அமெரிக்காவில் வந்த பெண்டிக்ஸ் தானியங்கி மெஷினுக்கு இன்னும் கடுமையான ஏற்பாடு: தரையோடு போல்ட் அடித்துவிட வேண்டும்.

உச்ச வேகத்தில்தான் ஆட்டம் அதிகம் என்பது பாமரர் நம்பிக்கை. உண்மையில், வேகம் ஏறும் வழியில், டிரம்மின் சுற்று ஸ்பிரிங்குகளின் இயல்பான அசைவோடு ஒத்துப்போகும் கட்டமே மோசமானது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே உந்துவதற்கு ஒப்பானது. புது மெஷின்கள் அதற்கு முன்பே துணியை மெல்லப் புரட்டி, எடை பரவியதா என்று பார்க்கின்றன. பரவாவிட்டால் மறுபடி புரட்டும். மீதி நேரம் ஒரே எண்ணில் நிற்பது இதனால்தான். தனியே போட்ட மிதியடி எத்தனை புரட்டினாலும் பரவாது. கூட இரண்டு துண்டைப் போடுவதே பரிகாரம். துணி கூடினால் ஆட்டம் குறையும் என்பதை எந்த வீடும் எளிதில் நம்பாது.

முதல் இரு தரப்பாரும் முற்றிலும் தவறல்ல. தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்ட பாத்ரூம் தரையில் நான்கு காலும் ஒருசேரப் பதியாது. கொத்தனாரின் ரசமட்டத்தை மேலே வைத்து, காலைத் திருகிச் சரிசெய்து, நட்டை இறுக்க வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டோ பெயர்ச்சிக்கு வாகனமே தருகிறது.

வந்த முதல் நாளே துள்ளும் மெஷினின் கதை வேறு. வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்புறம் முடுக்கிய போல்ட்டுகளை யாரும் கழற்றியிருக்கமாட்டார்கள். கழற்றியதை வீடு மாறும் நாளுக்காகப் பத்திரப்படுத்த வேண்டும். அந்த நாளில் அவை எந்த டப்பாவில் இருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.