நண்பகல் இரண்டே கால்: மாட்ரிட் நகரில் இருவர் பசித்தமை குறித்து ஓர் ஆய்வு

முதுகில் பை, பக்கத்தில் நண்பர், எதிரில் அயல்நகரம். இம்மூன்றும் கூடியவிடத்துத் தோன்றும் இடர்கள் பல. வழி தவறுதல், செருப்பு கடித்தல், குறட்டை, சில்லறைக் கணக்கு ஆகியவை குறித்துப் பயணக் கட்டுரையாளர்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டனர். எவரும் தொடாமல் விட்டது ஒன்றுண்டு. உடன் நடக்கும் இருவருக்கும் ஒரே நேரத்தில் பசிப்பதில்லை, பசித்தாலும் ஒப்புக்கொள்வதில்லை, ஒப்புக்கொள்ளும்போது கடை மூடியிருக்கும். இந்த மூன்றாம் கூறு ஸ்பெயினின் தலைநகரில் உச்சம் பெறுவதால் மாட்ரிட்டே ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டது.

ஆய்வு எல்லை: புவெர்தா தெல் சோல் சதுக்கத்திலிருந்து பையோடு நடந்து திரும்பக்கூடிய தொலைவு. காலம்: ஜூன் மாதக் கடைசி. முதன்மைச் சான்று: சாப்பாட்டு ரசீதுகள். துணைமைச் சான்று: நண்பரின் முகம். நண்பர் சைவர், ஆய்வாளர் கிடைத்ததை உண்பவர். நெறியாளர் எவரும் இல்லை. இருந்திருந்தால் ஒரு மணிக்கே சாப்பிட உட்கார்ந்து ஆய்வைக் கெடுத்திருப்பார்.

முதலில் நோயின் குறிகள். மதியம் பன்னிரண்டரைக்கு வெளியூர்க்காரருக்கு வயிறு கூப்பிடத் தொடங்குகிறது. அந்நேரத்தில் உணவகத்துப் பணியாளர் மேசைமேல் கவிழ்த்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருப்பார். சமையலறை சூடாக இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். ஊர்க்காரர் வந்து உட்காருவது இரண்டு, இரண்டரைக்கு. சரி, சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம் என்று போய் நாலே காலுக்கு வந்தால் அடுப்பு அணைந்திருக்கும். அதன்பின் இரவு எட்டரை வரை, வயிறார உண்ண நினைப்பவருக்கு அந்நகரம் பாலை நிலம்.

இவ்விடைவெளியில் இருவரிடையே நிகழும் கூற்றும் மறுமொழியும் வருமாறு:

“பசிக்குதா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குப் பசிச்சா சொல்லு.”

“எனக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல.”

இருவர் கூற்றும் பொய் என்பது, அடுத்த திருப்பத்தில் இருவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே ரொட்டிக்கடைக் கண்ணாடி முன் நின்றமையால் பெறப்படும். ஏன் இப்பொய்? முதலில் பசிக்கிறது என்றவரே கடையைத் தேர வேண்டும் என்பது நடைப்பயண மரபு. கடையைத் தேர்ந்தவர் அங்கே உப்புக் குறைந்ததற்கும் விலை கூடியதற்கும் பொறுப்பாளி ஆவார். ஊர் திரும்பிய பின்னும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, அது சொல்லிக்காட்டப்படும். ஆகவே பசியை மறைத்தல் கூச்சத்தின்பாற்பட்டதன்று, தற்காப்பு என்க.

இனி நகரத்தின் தரப்பு. ஸ்பெயின்காரர் சோம்பேறிகள், அதனால்தான் தாமதமாக உண்கிறார்கள் என்பாரும் உளர். அது பொருந்தாது, காலை ஒன்பதுக்கு அலுவலகத்தில் இருப்பவரைச் சோம்பேறி என்பது வழக்கன்று. வெயிலின் கொடுமையே காரணம் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. பக்கத்து நாடான போர்ச்சுகலிலும் வெயில் அடிக்கத்தான் செய்கிறது. அங்கே ஒரு மணிக்கே இலை போட்டுவிடுகிறார்கள். ஆனால் லிஸ்பனில் ஒரு மணி ஆகும்போது மாட்ரிட் கடிகாரத்தில் மணி இரண்டு. ஆக, இரு நாட்டாரும் கரண்டியைக் கையில் எடுப்பது ஏறக்குறைய ஒரே கணத்தில்தான். ஒருவர் ஒழுங்கானவர் என்றும் மற்றவர் நேரங்கெட்டவர் என்றும் பெயர் வாங்கியது கடிகாரத்தால். (போர்ச்சுகல் 1992 முதல் 1996 வரை ஸ்பெயினின் நேரத்தையே தானும் வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. புத்திசாலிகள்.)

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மாட்ரிட்டில் நிலம் இருந்த இடத்தில் இருக்கிறது, பொழுதுதான் நகர்ந்துவிட்டது. கிரீனிச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்குப் பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. மாட்ரிட் அதற்கும் மேற்கே கிட்டத்தட்ட மூன்றே முக்கால் பாகையில் இருக்கிறது. நியாயப்படி அந்நாடு லண்டன் நேரத்தில் இருக்க வேண்டும். 1901 ஜனவரி 1 முதல் அப்படித்தான் இருந்தது. 1940 மார்ச் 16 இரவு பதினொரு மணிக்கு, சர்வாதிகாரி ஃபிராங்கோ அரசின் ஆணைப்படி, நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. ஹிட்லருக்கு உவப்பாக இருக்கட்டும் என்று செய்தது என்பர். மற்ற ஐரோப்பிய நாடுகளின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே ஆணை சொன்ன காரணம். எப்படியோ, போர் முடிந்தது, ஹிட்லர் போனார், ஃபிராங்கோவும் 1975-ல் போய்ச் சேர்ந்தார். தள்ளிய முள்ளை மட்டும் எவரும் திருப்பி வைக்கவில்லை. கோடையில் இதன்மேல் இன்னொரு மணி நேரம் ஏறுகிறது. விளைவு: ஜூன் கடைசியில் மாட்ரிட்டின் தலைக்குமேல் சூரியன் வருவது பிற்பகல் இரண்டே காலுக்குச் சற்றுப் பின்பு. அதாவது நண்பகல் என்ற சிறுபொழுதே அங்கே இரண்டே காலுக்குத்தான். எற்பாடு எனும் சூரியன் மறையும் பொழுது இரவு ஒன்பதே முக்காலுக்கு மேல்.

இதைப் புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில், மணிக்கூண்டின் கீழ் நின்று நண்பருக்கு விளக்கினேன். 1866 முதல் அங்கே ஓடும் கடிகாரம் அது. டிசம்பர் 31 நள்ளிரவில் அதன் பன்னிரண்டு மணியோசைக்கும் ஓசைக்கொன்றாகப் பன்னிரண்டு திராட்சைப் பழங்களை நாடே தொலைக்காட்சி பார்த்து விழுங்குகிறது. “இந்தக் கடிகாரமே பொய். நமக்கு இன்னும் மதியமே ஆகல” என்றேன். நண்பர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். துணைமைச் சான்று அந்நேரத்தில் எனக்குச் சாதகமாக இல்லை.

அற்றேல், குளிர்காலத்தில் என் செய்வது என வினவலாம். நல்ல தடை. டிசம்பரில் மாட்ரிட்டில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. அப்போதும் இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான். ஆதலால் சூரியக் கொள்கை கோடையில் நிமிர்ந்து நின்று, குளிரில் நொண்டுகிறது. மீதியை விளக்க வேறு சான்று தேட வேண்டியதாயிற்று. அது கிடைத்த இடம் ஒரு மூலைக்கடை.

காலை பதினொரு மணி. தகடு பதித்த நீள மேடை. அதன் முன் தோளோடு தோள் நிற்கும் அலுவலகக் கூட்டம். ஒவ்வொருவர் முன்னும் ஒரு பால்காப்பி, ஒரு சிறு தட்டு, தட்டில் தோர்த்தியா. உருளைக்கிழங்கை எண்ணெயில் வேகவிட்டு, அடித்த முட்டையில் ஊறவைத்து, கனத்த வட்டமாகச் சுட்டு, முக்கோணமாக வெட்டிய துண்டு. ஓரம் பொன்னிறம்; நடுவில் கத்தி பட்ட இடத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் கசிகிறது. வாய் துடைக்க மேடையில் ஒரு பெட்டி நிறைய மெல்லிய காகிதம். அக்காகிதம் எதையும் உறிஞ்சாது. உதட்டில் இருக்கும் எண்ணெயை முகம் முழுக்கப் பரப்பும். ஒன்று போதாமல் ஐந்தாறு எடுத்து, கசக்கிக் காலடியில் போட வேண்டும். பழைய கடைகளில் தரை நிறையக் காகிதமும் ஒலிவக் கொட்டையும் பல்குச்சியும் கிடந்தால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று பொருள். (குப்பைக்கூடையைத் தேடி நாலு பக்கமும் திரும்பியதில் நண்பரின் முதுகுப்பை அடுத்தவர் காப்பியில் இடித்தது. முதுகுப்பை தன் உடம்பின் ஒரு பகுதி என்பதை எந்த மனிதனும் உணர்வதில்லை. இது வேறோர் ஆய்வுக்குரியது.)

கண்டறிந்த உண்மை இதுதான். இந்நகரம் மதியம் வரை பட்டினி கிடக்கவில்லை. விடிந்ததும் ஒரு காப்பி, பதினொன்றுக்கு இந்தத் துண்டு, சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பை வெர்முத்தும் நாலு ஒலிவக்காயும், இரண்டரைக்கு முழுச்சாப்பாடு, ஆறு மணிக்கு ஏதாவது இனிப்பு, அப்புறம் இரவு. ஐந்தாறு வேளை உண்பவர் ஒரு வேளையைத் தள்ளிப்போடுவதில் தியாகம் ஒன்றுமில்லை. நாம் மூன்று வேளைக்காரர். அதிலும் நடுவேளையை மட்டுமே பெரிதாக நம்பியவர்.

நண்பர் தோர்த்தியாவை உண்டார். முட்டை சைவமா என்ற நெடுங்கால விவாதம் அவரளவில் அன்று பதினொன்று பத்துக்கு முடிவுக்கு வந்தது.

சைவம் என்றதால் ஓர் இடைப்பிறவரல். மாட்ரிட்டில் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சி வராது; பன்றித்தொடை வரும். உப்பிட்டு உலர்த்திய அந்த ஹாமோன் அங்கே இறைச்சிக் கணக்கில் சேராமல் உப்பு, மிளகு வகையறாவோடு சேர்ந்துவிட்டது. பீன்ஸ் கேட்ட இடத்தில் பீன்ஸுக்கு நடுவே இளஞ்சிவப்பாகச் சிறு சதுரங்கள் தெரிந்தன. நண்பர் சுட்டிக்காட்ட, “ருசிக்குக் கொஞ்சம்தான்” என்று இரு விரலால் அளவு காட்டினார் பரிமாறியவர். அவர் முகத்தில் இருந்தது உண்மையான அக்கறை. சதுரங்கள் ஆய்வாளரின் தட்டுக்கு இடம்பெயர்ந்தன.

அந்த பீன்ஸ் வந்தது ‘மெனூ தெல் தியா’ எனும் மதியச் சாப்பாட்டில். பை தூக்கித் திரிபவர் இந்நகரில் அறிய வேண்டிய ஒரே நிறுவனம் இதுவே. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பழம் அல்லது இனிப்பு, கூடவே ஒரு கோப்பை ஒயின் அல்லது தண்ணீர். எல்லாம் சேர்த்து 12 முதல் 16 யூரோ. பெரும்பாலும் வாரநாளில், மதியத்தில் மட்டும். இதன் மூலம் 1960-களில் இருக்கிறது: ஃபிராங்கோவின் சுற்றுலா அமைச்சர் மானுவேல் ஃபிராகா காலத்தில், வெளிநாட்டுப் பயணிகளுக்காக நிர்ணயித்த விலையில் உணவகங்கள் ஒரு சாப்பாடு வைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆக, நம் நடுவேளையைத் தள்ளிப்போட்ட ஆட்சியே அவ்வேளைக்கு மலிவு விலையும் வைத்தது. இவ்வரசின் மீது ஆய்வாளருக்கு நன்றி ஏதும் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

எஞ்சியது மாலைப் பாலை. இங்கே நகரத்தார் செய்திருக்கும் ஏற்பாடு நுட்பமானது. பிராதோ அருங்காட்சியகம் வாரநாளிலும் சனியன்றும் மாலை ஆறு முதல் எட்டு வரை இலவசம். அடுப்பு அணைந்த நேரமும் அதுவே. காசில்லாதவரும் பசித்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே போனால் சான்செஸ் கோத்தான் 1602-ல் தீட்டிய ஓவியம்: சன்னல் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கும் எலுமிச்சை, ஆப்பிள்கள், பறவைகள், கீழே கேரட்டும் தண்டும். அடுத்து மெலேந்தெஸ் தீட்டிய ரொட்டி, பாலாடைக்கட்டி, முலாம்பழம். நண்பர் இவற்றை வேகமாகக் கடந்தார். கோயாவின் சனி பகவான் (நம்முடையவர் அல்லர், ரோமாபுரியார்) கண் பிதுங்கத் தன் மகனைத் தின்னும் படத்தின் முன் மட்டும் நெடுநேரம் நின்றார். கோயா இதைத் தம் வீட்டுச் சுவரிலேயே தீட்டியிருந்தார். அது சாப்பாட்டறைச் சுவர் என்பர்.

“இவருக்கும் அஞ்சு மணிக்கே பசிச்சிருக்கு” என்றார் நண்பர்.

ஒப்புதல் வாக்குமூலமாக இதை ஏற்று, 1894 முதல் நடக்கும் சான் ஹினேஸ் சுரோஸ் கடைக்கு நடத்திச் சென்றேன். நட்சத்திரத் துளையில் பிழிந்து எண்ணெயில் விழும் மாவு, நம் முள்ளு முறுக்கு வளைய மறுத்து நீண்டாற்போல வெளிவருகிறது. தொட்டுக்கொள்ளச் சாக்லேட், குடிக்கவும் முடியாது, தின்னவும் முடியாது, அவ்வளவு கெட்டி. அன்றிரவு ஒன்பதே முக்கால் வரை எவரும் எவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

பசி இவ்வாறு ஒருமுகப்பட்ட பின் புதுப் பிணக்கு ஒன்று தோன்றியதையும் பதிவுசெய்ய வேண்டும். தோர்த்தியாவில் வெங்காயம் சேர்ப்பதா கூடாதா என்பதில் ஸ்பெயின் நாடு இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. வெங்காயம் போட்டால் இனிப்புத் தட்டுகிறது என்பது ஒரு சாரார், போடாவிட்டால் வறட்சி என்பது மறுசாரார். நண்பர் வெங்காயக் கட்சியில் சேர்ந்தார். ஆய்வாளர் மற்றக் கட்சி. ஒரே தட்டைப் பகிர்ந்து உண்டு மிச்சம் பிடித்த காலம் அத்தோடு முடிந்தது. இதன்பின் பதினொரு மணிக்கு ஆளுக்கொரு கடை. நண்பர் தெருவின் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்.