எலிக்குச் சர்க்கரை இறங்கியது

ஆய்வுக்கூடத்து எலிகளைப் போல் மூலிகை வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பாக்கியசாலிகள் வேறு யார்? முதலில் அலாக்ஸான் ஊசியால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பார்கள். பிறகு கிலோ எடைக்குச் சில நூறு மில்லிகிராம் வீதம் ஆவாரம்பூச் சாறு புகட்டுவார்கள். சர்க்கரை இறங்கினால் கட்டுரை அச்சேறும். சூரண டப்பாவில் ‘ஆய்வில் நிரூபணம்’ குடியேறும். நம்மில் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவோ ஊசியால் வந்ததல்ல. இன்சுலினுக்கு உடல் இணங்காததில் தொடங்குவது.

மூலிகையிலிருந்து வந்த மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினினும் எலியில்தானே தேறியது என்பார்கள். உண்மைதான். 1971-இல் அந்த மூலிகைச் சாற்றால் சுண்டெலியில் மலேரியாவை வென்ற சீன விஞ்ஞானி தூ யூயூ, 1972-இல் தானே அச்சாற்றை உட்கொண்டு பார்த்தார். பிறகுதான் நோயாளிகளிடம் சோதனை நடந்தது. 2015-இல் நோபல் பரிசு பெற்றார். எலியோடு நின்றுவிட்ட மருந்தை எலியே சாப்பிடட்டும்.