கணக்கு நோட்டு எங்கலே?

வாலே பேராண்டி. என்ன, கழுத்துல அட்டை தொங்குது? நட்சத்திர ஓட்டல்ல ‘நிர்வாக நெறிமுறை’ப் பயிற்சியா? ஏசி ரூம்ல உக்கார வச்சு, திருடக்கூடாதுன்னு படம் போட்டுக் காட்டுனாவளா? அடேயப்பா! மத்தியானம் பிரியாணி உண்டுமா, அதைச் சொல்லு முதல்ல.

உத்திரமேரூர் பாத்திருக்கியா? காஞ்சிபுரத்துப் பக்கம். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல ஊராட்சிச் சட்டத்தைக் கல்லுல வெட்டி வச்சிருக்காவ. முதலாம் பராந்தக சோழன் காலம். 919ல ஒண்ணு போட்டாவ. அதுல எவனோ ஓட்டை கண்டுபிடிச்சிருப்பான் போல, 921ல திருத்தி இன்னொண்ணு போட்டாவ.

ஊர் வேலையைப் பாக்குத குழுவுக்கு வாரியம்னு பேரு. அதுக்கு வாரவனுக்குக் கால் வேலிக்கு மேல வரி கட்டுத நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள. வேதமும் தெரிஞ்சிருக்கணும். பிராமணர் ஊருலே அது. சேத்துல இறங்கி நாத்து நட்டவ பேரு சீட்டெடுக்குத குடத்துக்குள்ள விழல. மேடையில ‘குடவோலை, குடவோலை’ன்னு முழங்குதவன் இதை மட்டும் முழுங்கிருவான்.

ஆனா யாரு வரப்படாதுன்னு எழுதியிருக்காவ பாரு, அங்கதாம்லே சூட்சுமம் இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் வரப்படாது. அவன் மட்டுமா? அவன் அப்பன், மகன், மருமகன், மாமன், மச்சினன், சின்னம்மை பெரியம்மை மக்க, அத்தை மக்க... கல்யாணப் பத்திரிகையில போடுத அம்புட்டுப் பேரும் வெளிய! இன்னைக்கு இந்தச் சட்டம் வந்தா நம்மூர்ல தேர்தல்ல நிக்க ஆளு கிடைக்குமாலே? கள்ளக் கையெழுத்துப் போட்டவன், கழுதை மேல ஏறி அவமானப்பட்டவன், இவனுவளுக்கும் இடம் கிடையாது.

சீட்டெடுக்கதைக் கேளு. சபை மொத்தமும் கூடணும், சின்னப்புள்ள கிழவன் எல்லாரும். 30 குடும்பு, அதாவது வார்டு; குடும்புக்கு ஒருத்தன். பேரெழுதுன ஓலையைக் குடத்துல போட்டுக் குலுக்கி, உள்ள என்ன இருக்குன்னு அறியாத பொடியனை விட்டு எடுக்கச் சொன்னாவ. அதை வாங்குத மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன்னு நினைக்க? மூடுன கைக்குள்ள ஓலை மாறிப்போகும்லா! அவரு மேல அம்புட்டு மரியாதை. பொறவு அவரு வாசிக்கணும், கூட இருக்க கோயில் நம்பிமாரும் வாங்கி வாசிக்கணும்.

தேறுன 30 பேர்ல 12 பேரு ஆண்டு வாரியம், 12 பேரு தோட்ட வாரியம், 6 பேரு ஏரி வாரியம். 360 நாள் இருந்துட்டு இறங்கிரணும். மூணு வருசத்துக்குப் பேரை மறுபடி குடத்துல போட முடியாது. நடுவுல தப்புப் பண்ணுனா அப்பமே இறக்கிருவாவ. விசாரணைக் கமிசன், அதுக்கொரு கமிசன், அதெல்லாம் எங்க!

உங்க கம்பெனியிலயும் ‘எங்கள் விழுமியங்கள்’னு கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காவளாமே. அதுல முதலாளி மச்சினனைப் பத்தி ஏதும் எழுதியிருக்கா?

சரி, அது கிடக்கட்டும். போன கோயில் கொடைக்கு வரி பிரிச்ச கமிட்டியில நீதான பொருளாளர்? உன் மாமன்தான தலைவர்? கொட்டகைக்காரன் நேத்தும் பாக்கி கேட்டு வந்து நின்னான். கணக்கு நோட்டு எங்கலே?